ஆசிரியர் கையில் தூரிகை

ஆசிரியப் பணி கொடுக்கும் பணி. காலை மணி ஒலித்தது முதல் மாலை மணி ஒலிக்கும்வரை ஆசிரியர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். சொல்லைக் கொடுக்கிறார், பொருளைக் கொடுக்கிறார், ஊக்கத்தைக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்த பின்னும் திருத்த வேண்டிய ஏடுகள் கட்டுக்கட்டாகக் காத்திருக்கின்றன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இவ்வாறே கழிந்துவிடுகின்றன. பின்னர் ஒரு விடுமுறை நாளில், பழைய பெட்டியொன்றைத் திறந்து, உலர்ந்து கிடக்கும் வண்ணக் கட்டிகளை எடுத்து, நீர் தொட்டுக் குழைத்து, வாசலில் நிற்கும் செம்பருத்தியை வரையத் தொடங்குகிறார் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் ஆர்வத்தோடு வரைந்த கை அது. வேலையும் குடும்பமும் பொறுப்புகளும் சூழ்ந்தபின் வரைவதை விட்டுவிட்ட கை.

அந்தச் செயலை எவ்வாறு மதிப்பிடுவது? அது வெறும் பொழுதுபோக்கா? கடமைக்கு உரிய நேரத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் தன்னலமா? அல்லது ஆசிரியர் என்ற நிலைக்கே உரம் சேர்க்கும் ஓர் ஒழுக்கமா? வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், பிறர்க்காக வாழ்பவர் தமக்காக எவ்வளவு வாழலாம் என்ற பெரிய அறவினா அதனுள் அடங்கியிருக்கிறது.

மெழுகுவத்தியும் மலரும்

ஆசிரியரைப் போற்றும் மேடைகளில் தவறாமல் எடுத்தாளப்படும் உவமை மெழுகுவத்தி. தன்னை உருக்கிக்கொண்டு பிறருக்கு ஒளி தருவது அது என்பர். கேட்பதற்கு இனிய உவமை. ஆனால் அதன் முடிவை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. உருகி முடிந்த மெழுகுவத்தியால் அடுத்த இரவுக்குப் பயனில்லை. ஆசிரியரோ முப்பது ஆண்டுகள் ஒளி தர வேண்டியவர். ஆண்டுதோறும் புதிய முகங்கள் அவர் முன் வந்து அமர்கின்றன. கடைசி ஆண்டில் வந்து அமரும் மாணவனுக்கும் முதல் ஆண்டு மாணவனுக்குக் கிடைத்த அதே ஒளி கிடைக்க வேண்டும்.

தமிழ் மரபு ஆசிரியருக்குத் தேர்ந்தெடுத்த உவமைகள் வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நல்லாசிரியருக்கு நான்கு உவமைகளைக் கூறுகிறது: நிலம், மலை, நிறைகோல், மலர். நிலம் பொறுமை உடையது; உழுபவன் முயற்சிக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பயன் தருவது. மலை அளக்கவும் அசைக்கவும் முடியாதது. மழை பொய்த்த காலத்திலும் வளம் தருவது. நிறைகோல் ஐயம் தீர நிறுத்துக் காட்டுவது, ஒருபாற் சாயாதது. மலர் மங்கலமானது, மென்மையானது, உரிய பொழுதில் முகம் மலர்வது. நல்லாசிரியர் அல்லாதாருக்கும் நன்னூலார் உவமை கூறுகிறார். அவற்றுள் இரண்டு மரங்கள்: எவரையும் ஏறவிடாமல், தானாக விழுந்தால் மட்டுமே கனி தரும் மடற்பனை, நீர் வார்த்தவன் வேலிக்குள் காய்க்காமல் அயலான் நிலத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு.

இந்த நான்கு நல்லுவமைகளுள் கொடுப்பதால் அழிந்துபோவது என்று ஒன்றுகூட இல்லை என்பது நோக்கத் தக்கது. நிலம் விளைவிக்கிறது, அடுத்த பருவத்துக்கு ஓய்ந்து கிடந்து மீண்டும் விளைவிக்கிறது. மலை அருவியைத் தருகிறது, மழையையும் பெறுகிறது. பெறாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும் எதையும் நன்னூலார் ஆசிரியருக்கு உவமையாகக் காட்டவில்லை. ஆகவே, ஆசிரியர் தம்மை நிரப்பிக்கொள்ளும் வழி ஒன்றைத் தேடுவது குற்றமாகாது. எந்த வழியில் நிரப்பிக்கொள்கிறார், அதனால் அவரிடம் என்ன விளைகிறது என்பவையே ஆராய வேண்டியவை.

திருத்தும் கண்

நெடுங்காலம் ஒரு தொழிலைச் செய்பவரின் உடலில் அத்தொழிலின் தடம் பதிகிறது. பால்மரம் சீவியவரின் விரல்களிலும், தையல் தைத்தவரின் முதுகிலும் அதைக் காணலாம். ஆசிரியரிடம் அத்தடம் கண்ணில் பதிகிறது. ஏடு திருத்திப் பழகிய கண் எதைப் பார்த்தாலும் பிழையை முதலில் பார்க்கிறது. ஒரு மாணவி எழுதிய கட்டுரையில் புதிய எண்ணம் ஒன்று ஒளிர்ந்திருக்கலாம். கண் முதலில் காண்பது விடுபட்ட ஒற்றெழுத்தை. ஒரு சிறுவன் துணிந்து எழுந்து விடை கூறியிருக்கலாம். செவி முதலில் கேட்பது அவன் லகர ளகரத்தை மாற்றி ஒலித்ததை. இது ஆசிரியரின் தீய எண்ணத்தால் நேர்வதன்று, பயிற்சியால் நேர்வது. பிழை திருத்துவது அவர் கடமை. ஆயினும் பிழை காணும் கண் மட்டுமே எஞ்சிவிட்டால், எதிரில் அமர்ந்திருக்கும் குழந்தை முழுமையாகப் புலப்படாமற் போய்விடும்.

இயற்கையை நோக்கி வரைதல் இக்கண்ணுக்கு நேர்மாறான பயிற்சி. ஓர் இலையை வரைய அமர்பவர் அந்த இலைக்கு மதிப்பெண் போட முடியாது. இலையில் பிழை இல்லை. புழு அரித்த துளையும், வெயிலில் கருகிய விளிம்பும் அதன் வாழ்க்கை வரலாறு. அங்கே பிழை செய்யக்கூடியவர் ஒருவர்தாம், அவர் வரைபவர். இத்தனை ஆண்டுகள் பிறர் பிழையைக் கண்டவர், இப்போது தம் பிழையைக் கண்டு, அழித்து, மீண்டும் நோக்குகிறார்.

நீர்வண்ணத்தில் இப்பாடம் இன்னும் கடுமையாகக் கிடைக்கிறது. அதில் வெள்ளை என்பது தாளின் வெள்ளையே. ஒளி விழும் இடத்தை முன்னரே தீர்மானித்து, அங்கே தூரிகை படாமல் காக்க வேண்டும். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குச் செல்ல வேண்டும். ஒருமுறை இருண்டதை மீண்டும் வெளுக்கச் செய்வது அரிது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று வீசும் நாடுகளில் தாள் எளிதில் உலர்வதில்லை. முதற்பூச்சு உலருமுன் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலங்கிச் சேறாகிவிடும். ஆகவே காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் செய்யத்தக்கது ஒன்றே: மீண்டும் அந்த இலையைப் பார்ப்பது.

அவ்வாறு பார்க்கும்போது, அறிந்ததாக எண்ணியிருந்தவை அறியாதவையாக மாறுகின்றன. இலை பச்சை என்பது குழந்தைப் பருவத்தில் மனப்பாடமான செய்தி. உண்மையில் மேற்புறத்தில் ஒரு பச்சை, அடிப்புறத்தில் ஒரு பச்சை, கதிரவன் ஊடுருவும் இடத்தில் மஞ்சள் கலந்த பச்சை, வானம் பிரதிபலிக்கும் இடத்தில் நீலம் கலந்த பச்சை. நிழல் கறுப்பு என்று எண்ணியிருந்தால் அதுவும் தவறு. நிழலுக்குள் ஊதாவும் பழுப்பும் ஒளிந்திருக்கின்றன. மாமரத்தின் இளந்தளிரோ பச்சையே அன்று, செம்பு நிறம். தலைவியின் மேனியழகைக் குறிக்கும் ‘மாமை’ என்ற சொல்லுக்கு ‘மாந்தளிர் நிறம்’ என்று உரை கூறும் ஆசிரியர், அந்த நிறத்தைத் தட்டில் குழைத்துப் பார்த்த பின்னரே அவ்வுரையின் பொருளை முழுதும் உணர்கிறார். அதுவரை அவர் கற்பித்தது சொல். பின்னர்க் கற்பிப்பது கண்ட பொருள்.

எழுதுதல் என்னும் சொல்

வரைதலும் எழுதுதலும் வெவ்வேறு துறைகள், தமிழாசிரியருக்கு ஓவியம் அயல்நிலம் என்று கருதுவார் உண்டு. தமிழ்மொழி அவ்வாறு கருதவில்லை. பழந்தமிழில் ஓவியத்தையும் ‘எழுதினார்கள்.’ கண்ணுக்கு மை எழுதினார்கள். தோளில் தொய்யில் எழுதினார்கள். திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் நிறைந்திருந்த மண்டபத்தைப் பரிபாடல் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்றே குறிக்கிறது. எழுத்தும் ஓவியமும் ஒரே வினைச்சொல்லின் பிள்ளைகள்.

ஓவியரின் கருவியைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார். அரக்கில் தோய்த்த தூரிகையைப் பாதிரிப் பூவுக்கு உவமையாக்கும் நற்றிணைப் பாட்டில் அக்கருவி ‘துகிலிகை’ என்னும் பெயரோடு காட்சி தருகிறது. பூவின் நுனியில் உள்ள மெல்லிய துய்யையும், தூரிகையின் மயிரையும் அருகருகே வைத்துப் பார்த்த கண்ணுக்கே அவ்வுவமை தோன்றும்.

இவ்வகையில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தனித்து எண்ணத் தக்கது. அதில் தொண்ணூற்றொன்பது பூக்கள் வரிசையாகப் பெயர் சொல்லப்படுகின்றன. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகக் கபிலர் அதைப் பாடினார் என்று அதன் பழங்குறிப்பு உரைக்கிறது. அக்குறிப்பின்படி கபிலர் அங்கே ஆசிரியர். அவர்முன் இருப்பவன் தமிழ் அறியாத மாணவன். அவனுக்குத் தமிழைக் காட்ட அவர் மேற்கொண்ட வழி, மலைச்சாரலில் பூத்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அவன் கண்முன் நிறுத்துவது. தம் நிலத்தைக் கூர்ந்து நோக்காத ஒருவரால் அப்படி ஒரு பாடத்தை நடத்தியிருக்க முடியாது.

இன்று கோலாலம்பூரிலோ, சிங்கப்பூரின் அடுக்குமாடி வட்டாரத்திலோ ஐந்திணை கற்பிக்கும் ஆசிரியருக்குக் குறிஞ்சி நிலம் தொலைவில் உள்ளது. மாணவர்க்கு வேங்கை என்பது தேர்வில் எழுத வேண்டிய ஒரு பெயர். ஆனால் அவர்கள் நாள்தோறும் நடக்கும் சாலையோரத்தில் அங்சானா மரம் நிற்கிறது. மலாக்காவிலும் பினாங்கிலும் பழமையான நிழல்மரம் அது. சிங்கப்பூரில் 1967இல் தொடங்கிய தோட்ட நகர முயற்சியின்போது பெருமளவில் நடப்பட்ட மரங்களுள் ஒன்று. தாவர நூலார் வகுப்பின்படி வேங்கையும் அங்சானாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள். இரண்டும் பொன்னிறப் பூக்களைச் சொரிவன. இரண்டின் பட்டையைக் கீறினாலும் குருதிபோற் சிவந்த சாறு வடியும்.

அங்சானா பூத்தால் ஒரே நாளில் பூத்து உதிர்ந்துவிடும். மறுநாட் காலையில் கரிய தார்ச்சாலை முழுவதும் மஞ்சள் விரிந்து கிடக்கும். பெரும்பாலோர் அதன்மீது நடந்து செல்வர். அதை வரைய முனைபவர் மட்டும் ஒரு கணம் திகைத்து நிற்பார்: கறுப்பின்மேல் மஞ்சள், மஞ்சளுக்கு இடையே கறுப்பு வரிகள். வேங்கைப்பூ உதிர்ந்த கரும்பாறையைப் புலிக்குட்டிக்கு ஒப்பிட்ட குறுந்தொகைப் புலவரின் கண் எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கும். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி ஒரு காலைப் பொழுதில் சுருங்கிவிடும். அடுத்த நாள் வகுப்பில் அவர் நடத்தும் பாடம் உரைநூலிலிருந்து வருவதன்று. மாணவரைச் சன்னல் பக்கம் திரும்பச் சொன்னாலே போதும்.

காலம் கடந்த தொடக்கம்

‘இனி வரைந்து என்ன ஆகப் போகிறது?’ என்பது அடுத்து எழும் தடை. இளமையில் விட்ட கலை முதுமையில் கைவருமா? பெரும் ஓவியராக முடியாதவர் ஏன் முயல வேண்டும்?

இதற்கு விடையாக ஒரு பெரிய ஆசிரியரின் வாழ்க்கையே இருக்கிறது. இரவீந்திரநாத் தாகூர் கவிஞராகவே பெரிதும் அறியப்பட்டவர். ஆயினும் 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலில் பள்ளி தொடங்கி, தம் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் கல்விக்கு ஈந்த ஆசிரியர் அவர். அதற்குப் பொருள் திரட்டும் பயணத்தில் 1927ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கும் மலாயா நகரங்களுக்கும் வந்தார். இளமையில் படம் வரையும் ஏட்டோடு ஓய்வுப் பொழுதைக் கழித்ததை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அது அக்காலத்தில் வளரவில்லை, விட்டுவிட்டார். அறுபதைக் கடந்தபின், கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய இடங்களை ஒன்றோடொன்று இணைக்கப் புகுந்தபோது, அக்கிறுக்கல்கள் உருவங்களாக வளர்ந்தன. 1924இல் தென்னமெரிக்காவில் தங்கியிருந்தபோது எழுதிய ‘பூரபி’க் கவிதைகளின் கையெழுத்துப் படி இதற்குச் சான்று. அடித்த சொல்லே ஓவியத்துக்கு வித்தாயிற்று. திருத்தும் கை, காணும் கையாக மாறிய கதை இது. 1930இல் பாரிசில் அவருடைய ஓவியங்களின் முதற் கண்காட்சி நிகழ்ந்தபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1941இல் மறையுமுன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைப் படைத்தார்.

அவர் பெற்றது படங்களின் எண்ணிக்கை மட்டும் அன்று. வரையத் தொடங்கிய பின் மரமும் செடியும் மனிதரும் விலங்குகளும் தத்தம் வடிவத்தோடு தெளிவாகத் தமக்குப் புலனாகத் தொடங்கியதாகக் கடிதம் ஒன்றில் அவர் குறிப்பிட்டார். மரத்தடியிலேயே கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பள்ளி நடத்தியவருக்கு, மரம் புதிதாகத் தெரிந்தது அப்போதுதான் என்பது எண்ணி மகிழத் தக்கது.

யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1834இல், தம் எழுபதுகளில், பூஜி மலைப் படத்தொகுதி ஒன்றின் பின்னுரையில் இதே உணர்வை வேறு விதமாகக் கூறினார். எழுபது வயதுக்குமுன் தாம் வரைந்தவை பொருட்படுத்தத் தக்கன அல்ல என்றும், எழுபத்து மூன்றில்தான் பறவை, விலங்கு, பூச்சி, செடி ஆகியவற்றின் அமைப்பைச் சிறிது உணரத் தொடங்கியதாகவும் எழுதினார். பேரோவியரே தம்மைத் தொடக்கநிலை மாணவராகக் கருதும் துறையில், காலம் கடந்துவிட்டது என்பதற்குப் பொருள் ஏது?

தாகூரும் ஹொக்குசாயும் மேதைகள்; எளிய பள்ளியாசிரியர்க்கு அவர்கள் எவ்வாறு சான்றாவர் என்று கேட்கலாம். முறையான கேள்வி. அதற்கு ஜான் ரஸ்கின் விடை தருகிறார். காந்தியடிகள் 1904இல் தென்னாப்பிரிக்காவில் இரயில் பயணத்தின்போது படித்து, தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட நூலை எழுதியவர் அவர். அந்த ரஸ்கின் 1854 முதல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரியொன்றில் உழைப்பாளிகளுக்கு வரையக் கற்பித்தார். ஒரு தச்சரை ஓவியராக்குவது தம் நோக்கம் அன்று, தச்சராகவே அவர் மேலும் மகிழ்ச்சியோடு வாழச் செய்வதே நோக்கம் என்பது அவர் கொள்கை. வரையக் கற்பது காணக் கற்பதற்கே. கண்டு அன்பு கொள்வதற்கே. இக்கருத்தின்படி, ஓர் ஆசிரியரின் படம் சுவரில் தொங்கத் தகுதியற்றதாயினும் அவர் தோற்றவர் ஆகமாட்டார். படம் மங்கிப் போகலாம். பார்வை தெளிந்திருந்தால் பயன் கிடைத்தாயிற்று.

மலாயாவிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. பினாங்கின் அப்துல்லா அரிப், 1904 முதல் 1962 வரை வாழ்ந்தவர், பள்ளியில் கலை கற்பித்தவண்ணமே நீர்வண்ண ஓவியத்தில் பெயர் பெற்றார். ஈயச் சுரங்கத்தின் செம்மண் மேடுகள்கூட அவர் தூரிகைக்குப் பொருளாயின. 1952இல் கோலாலம்பூரில் பீட்டர் ஹாரிஸ் தொடங்கிய ‘புதன்கிழமைக் கலைக்குழு’, பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் வாரத்தில் ஒரு பொழுது ஒன்றுகூடி வரைவதற்கு இடம் தந்தது. சிங்கப்பூரின் ஜார்ஜட் சென் 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்துக்கொண்டே, ரம்புத்தானையும் மங்குஸ்தீனையும் ஓவியமாக்கினார். கற்பித்தலும் வரைதலும் ஒன்றையொன்று தின்னும் பகைகள் அல்ல என்பதற்கு இவர்கள் வாழ்க்கை போதுமான சான்று.

யாருடைய நேரம்?

இனி, கடினமான வினாவுக்கு வரவேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் வரைவதற்கு ஒதுக்குகிறார் ஆசிரியர். அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது?

மாணவர்க்கு உரிய நேரத்திலிருந்து வருமானால், திருத்தப்படாத ஏடுகள் மேசையில் கிடக்கப் பூச்செடியின் முன் அமர்வாரானால், அந்த ஓவியம் எத்துணை அழகியதாயினும் அது கடனைத் தீர்க்காதவன் அணிந்த நகை போன்றது. இதில் ஐயமில்லை. ஆயினும் பெரும்பாலான இல்லங்களில் நேர்வது வேறொன்று. ஆசிரியர் ஆணாக இருந்தால், அவர் காலைக் கதிரில் அமர்ந்து வண்ணம் குழைக்கும் நேரத்தில் அடுக்களையில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். குழந்தையை எழுப்புவதும், துணி துவைப்பதும், சந்தைக்குச் செல்வதும் அவர் தலையில் விழுகின்றன. ஆசிரியர் பெண்ணாக இருந்தாலோ, அந்த ஒரு மணி நேரமே அவருக்குக் கிடைப்பதில்லை. பள்ளியில் ஒரு பணிநாளும் வீட்டில் ஒரு பணிநாளும் என இரண்டு பணிநாள்களை ஒரே நாளில் முடிப்பவர் அவர். அவர் பெட்டியில் உலர்ந்து கிடக்கும் வண்ணக் கட்டிகளுக்கு நீர் வார்ப்பவர் யார்?

அமைதி என்பதும் ஒரு செல்வம். செல்வம் எதுவாயினும் அது எவ்வாறு ஈட்டப்பட்டது என்று கேட்பது அறநூலார் மரபு. ஒருவர் அமைதி மற்றொருவர் களைப்பின்மீது எழுப்பப்பட்டிருந்தால், அந்த அமைதியில் கறை உண்டு. ஆகவே ஓவியத்துக்குத் திரும்பும் ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது தூரிகை வாங்குவதன்று. வீட்டில் உள்ளவர்களுக்கும் அதைப் போன்ற ஒரு மணி நேரம் கிடைக்கிறதா என்று பார்ப்பதே. தாம் பெற்ற ஓய்வை மனைவிக்கோ கணவருக்கோ மாற்றித் தரும் வாரம் ஒன்று இருக்குமானால், அந்த இல்லத்தில் ஓவியம் அறத்தோடு பொருந்தி நிற்கும். கூர்ந்து பார்க்கக் கற்றவர் தம் வீட்டுக்குள் நிகழ்வதைப் பார்க்காமல் இருப்பது, கற்றதன் பயனை இழப்பதாகும்.

இலையிலிருந்து மாணவனுக்கு

இன்னும் ஒரு தடை உண்டு, அது நுட்பமானது. உலகில் எத்தனையோ துன்பங்கள் இருக்க, ஓர் இலையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது தப்பித்து ஓடுவதாகாதா? இயற்கையின் மடியில் அமைதி தேடுபவர் மனிதரிடமிருந்து விலகிப் போகமாட்டாரா?

விலகிப் போகவும் கூடும். இதை மறைப்பதில் பயனில்லை. இலையைக் கூர்ந்து நோக்கியவர் எல்லாரும் மனிதரைக் கூர்ந்து நோக்குவர் என்பதற்கு உறுதி கிடையாது. கலையில் வல்லவர், அருகிருந்தோரிடம் அன்பின்றி நடந்த கதைகள் பல உண்டு. இலை எதிர்த்துப் பேசாது, அடம் பிடிக்காது, வீட்டுப்பாடத்தைச் செய்யாமல் வராது. அதனிடம் பொறுமையாக இருப்பது எளிது. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, கேள்விக்கு விடை கூறாமல் மேசையைக் கீறிக்கொண்டிருக்கும் சிறுவனிடம் பொறுமையாக இருப்பது அரிது. முதலாவது தானாகவே இரண்டாவதைத் தந்துவிடாது.

ஆயினும் முதலாவது, இரண்டாவதற்கு வேண்டிய ஆற்றலைப் பழக்குகிறது. 1503இல் செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் தியூரர் ஒரு கைப்பிடிப் புல்தரையை நீர்வண்ணத்தில் வரைந்தார். அரசரும் இல்லை, தேவரும் இல்லை. காலடியில் மிதிபடும் புல்லும் களைச்செடியும் மட்டுமே. ஒவ்வொரு தாளும் எங்கே மடிகிறது, எங்கே வேர் மண்ணைப் பற்றுகிறது என்பதை அவர் விடாமல் நோக்கியிருக்கிறார். எவரும் பொருட்படுத்தாத ஒன்றுக்கு முழுக் கவனத்தையும் கொடுத்த செயல் அது. பள்ளியில் எவராலும் பொருட்படுத்தப்படாத குழந்தைக்கு வேண்டியதும் அத்தகைய கவனமே. பாராட்டும் கண்டிப்பும் அதன்பின் வருபவை. முதலில் தான் காணப்பட்டோம் என்ற உணர்வு அக்குழந்தைக்கு வேண்டும்.

கடைசி வரிசைச் சிறுவனைப் ‘பின்தங்கியவன்’ என்ற சொல்லால் மூடிவிடுவது, எல்லா இலைக்கும் ஒரே பச்சையைப் பூசுவது போன்றது. அவன் காலையில் உண்டு வந்தானா? எழுத்தைப் படிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறானா? விடை தெரியாமல் மௌனமாக இருக்கிறானா, நகைப்புக்கு அஞ்சி மௌனமாக இருக்கிறானா? இவை அவனுடைய வேறுவேறு பச்சைகள். பெயரை எடுத்துவிட்டுப் பொருளைப் பார்க்கப் பழகியவர் இவற்றைப் பிரித்தறியக்கூடும். ஆனால் அந்தக் கண்ணை இலையிலிருந்து மாணவன்மேல் திருப்புவது தனியானதொரு முடிவு. அதைத் தூரிகை எடுத்துத் தராது. ஆசிரியர் தாமாகவே ஒவ்வொரு நாளும் அம்முடிவை மேற்கொள்ள வேண்டும். அங்கேதான் கலை முடிந்து அறம் தொடங்குகிறது.

வரைதல் தரும் மற்றொரு பயன் பணிவு. பல ஆண்டுகளாக அறிந்ததையே கற்பித்தவருக்கு, அறியாமையின் கூச்சம் மறந்துபோகிறது. ஒரு குழந்தைக்கு எழுத்து ஏன் வளையவில்லை, ஒரு கணக்கு ஏன் புரியவில்லை என்பது அவருக்கு விளங்குவதில்லை. மனம் ஒன்றை எண்ண, கை வேறொன்றைச் செய்வதை ஓவியத்தாளின்முன் அவரே உணரும்போது, அந்தக் கூச்சம் நினைவுக்கு வருகிறது. இதழ் ஐந்தும் சரியாக அமையாத செம்பருத்தியைத் தம் கையாலேயே வரைந்தவர், மறுநாள் ஒரு மாணவனின் கோணல் எழுத்தைப் பார்த்துக் கடிந்துகொள்ளுமுன் ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடியில் ஒரு குழந்தையின் தன்னம்பிக்கை பிழைத்துவிடலாம்.

இவற்றைக் காக்க வேண்டுமானால் ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்பயிற்சியை உடனே போட்டியாகவும் பரிசாகவும் பாராட்டாகவும் மாற்றிவிடக் கூடாது. வரைந்த படத்தைக் காட்டி எத்தனை பேர் மெச்சினர் என்று எண்ணத் தொடங்கினால், மதிப்பெண் போடும் பழக்கம் வேறொரு வழியாக உள்ளே நுழைந்துவிடும். தாம் கண்ட இன்பத்தை மாணவர்மீது கடமையாகச் சுமத்துவதும் ஆகாது. ஒரு பூவின்முன் ஆசிரியர் அமைதியாக அமர்ந்திருப்பதைக் கண்டால், விரும்பும் மாணவன் தானே அருகில் வந்து அமர்வான். அவனுக்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொடுத்தால் போதும்.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். ஆசிரியர் ஓவியத்துக்குத் திரும்புவது, பிறர் நேரத்தைப் பறித்தால் தன்னலம். மனிதரை மறக்கச் செய்தால் தப்பித்தல். புகழை நாடினால் வெறும் அணி. நேர்மையாகப் பெற்ற ஒரு சிறு பொழுதில், தம் நிலத்தில் பூப்பதையும் உதிர்வதையும் உள்ளவாறு காணவும், கண்ட கண்ணோடு வகுப்புக்குள் நுழையவும் அது துணை செய்யுமானால், அது கடமையின் ஒரு பகுதியே ஆகும். நன்னூலார் ஆசிரியரை மலருக்கு ஒப்பிட்டார். எந்த மலரும் ஓய்வின்றி மலர்ந்துகொண்டே இருப்பதில்லை. வேரில் நீர் பெற்று, இரவில் குவிந்து, உரிய பொழுதில் அது மீண்டும் முகம் மலர்கிறது. ஆசிரியருக்கும் அந்த நீரும் அந்த இரவும் உரியன.